வெட்டிய ஓரம்

மணிவிழா மலரில் தம் படத்தின் பக்கத்தில் ஏழு பட்டங்களும் வரவேண்டும் என்று அச்சகத்தில் வந்து உட்கார்ந்தார் கல்விக் காவலர் தணிகைநாதன். ஏழும் அவரே தமக்குச் சூட்டிக்கொண்டவை. கம்ப்யூட்டரில் மலரைத் திறந்த செங்கமலம், படத்தின் ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். கம்பீரம் குறைகிறதென்று போன வருஷம் அவர் வெட்டச் சொன்ன பாதி வெளியே வந்தது. அதில் அவருடைய சால்வை நழுவாமல் பிடித்தபடி நின்றாள் மனைவி வள்ளிக்கண்ணு. அவள் காலமாகி மூன்று மாதமாகிறது.

“இவளத்தான் அப்பவே வெட்டியாச்சேம்மா?”

“வெட்டினாலும் ஃபைலுக்குள்ளயேதான் சார் இருப்பாங்க. வெளிய தெரியாது, அவ்ளோதான். மறுபடி மறைச்சிடட்டுமா?”

அவர் நாற்காலியைத் திரைக்கருகே நகர்த்திக்கொண்டார்.

“இருக்கட்டும்.”

“அப்ப பட்டத்துக்கு இடம் பத்தாதே சார்.”

“ஒவ்வொண்ணா எடும்மா. அவ முழுசாத் தெரியிற வரைக்கும்.”