பக்க எண் எங்கே?

"அந்த டீச்சர் எங்க மேடம்? அவங்களுக்கு நன்றி சொல்லாம என்னால இன்னைக்கு நாற்காலியில உட்கார முடியாது."

கண் அறுவை சிகிச்சை முடிந்து, ஒன்றரை மாதம் கழித்து அன்றுதான் பள்ளிக்கு வந்திருந்தார் ஆங்கில ஆசிரியர். மூக்கில் புதுக் கண்ணாடி, கையில் பெரிய சாக்லேட் பெட்டி.

"ஆறாம் வகுப்புல இருக்காங்க. பெல் அடிச்சா வந்துடுவாங்க" என்றார் தலைமையாசிரியை. "நீங்க இல்லாதப்ப உங்க கிளாஸை அவ்வளவு நல்லாவா பார்த்துக்கிட்டாங்க?"

"என்ன மேடம் இப்படிக் கேட்டுட்டீங்க!"

அவர் எடுப்பது சிறப்பு ஆங்கில வகுப்பு. பள்ளியின் மூத்த வகுப்பு மாணவர்கள், தடிமனான நாவல்கள். படித்ததைப் பற்றி இணையப் பக்கத்தில் எழுத வேண்டும், ஒருவருக்கொருவர் வாதாட வேண்டும். அந்தப் பக்கத்தை யாரும் வாசிக்கலாம், எழுதத்தான் பாஸ்வேர்டு. 'ஆசிரியர்' என்ற பெயரில் அவர் தினமும் பதில் போட்டே ஆக வேண்டும். இரண்டு நாள் விட்டால் ஒன்று சண்டை, இல்லையென்றால் சந்தை.

"செல்போன், புத்தகம் எதையும் தொடக் கூடாதுன்னுட்டார் டாக்டர். கண்ணைக் கட்டிக் காட்டுல விட்ட மாதிரி ஆயிடுச்சு. சாயங்காலமானா என் வீட்டுக்காரி அந்தப் பக்கத்தை வாசிச்சுக் காட்டுவா. அதைக் கேட்டுத்தான் நான் உயிரோட இருந்தேன் மேடம். நாவல்ல ஒரு அம்மா வீட்டைப் பூட்டாம ஊருக்குப் போயிடுவா. அது மறதின்னு ஒருத்தன் எழுதுறான். உடனே 'ஆசிரியர்' பதில் வருது: 'பக்க எண் எங்கே? மறக்கிறவள் அவ்வளவு நேரம் உட்கார்ந்து சாவியை எண்ணெய் போட்டுத் துடைப்பாளா? மூன்றாம் அத்தியாயத்தை மறுபடி படி.' அச்சு அசல் நான் கேக்குற மாதிரியே! அப்புறம் பாருங்க, திறந்து வெச்சது மகனுக்கா, திருடனுக்கான்னு மொத்த கிளாஸும் பிச்சுக்கிச்சு. பாஸ்வேர்டுக்குக்கூட என்னைத் தொந்தரவு பண்ணல, ஆபீஸ்லயே வாங்கிக்கிட்டாங்க போல. எந்தப் புண்ணியவதி பெத்த மகளோ அந்த டீச்சர்!"

தலைமையாசிரியை சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார்.

"சந்தோஷம் சார். ஆனா அந்த மௌனச்சாமியை என்ன பண்றது? இந்த டெர்ம் பூரா ஒரு வரி எழுதல. அவ இடத்துக்கு ஆள் காத்துக்கிட்டு இருக்காங்க. பெல் அடிக்கிறதுக்குள்ள முடிவு சொல்லுங்க. சாதா வகுப்புக்கு மாத்திடலாம்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

மௌனச்சாமி என்பது முதல் பெஞ்சுப் பெண்ணுக்கு வகுப்பு வைத்த பெயர். வாயைத் திறந்து அவள் பேசியதை யாரும் பெரிதாகக் கேட்டதில்லை. அவருக்கு அவளை அனுப்ப மனசில்லை. ஆளனுப்பிக் கூப்பிட்டார்.

"வாம்மா. அந்தப் பக்கத்தைத் திற, சேர்ந்தே பார்ப்போம்."

ஒற்றை விரலால் குத்திக் குத்தி டைப் அடிக்கிறவர் அவர். வகுப்பிலும் பக்கத்தைத் திறந்து அவர் சொல்வதை டைப் அடிக்கும் வேலை அவளுடையதுதான். உட்கார்ந்தாள், விரல்கள் பரபரவென்று ஓடின, பக்கம் திறந்தது. அவள் பெயருக்கு எதிரே வெறுமை.

"ஏம்மா இப்படி? நாவல் பிடிக்கலையா?"

"ரொம்பப் பிடிச்சுது சார்."

"அப்புறம்?"

"என் பேரைப் போட்டு எழுதினா எல்லாரும் சிரிப்பாங்களோன்னு இருக்கு சார். கை வர மாட்டேங்குது."

"அப்போ இத்தனை நாளும் என்னதான் பண்ணிக்கிட்டு இருந்தே?"

"மத்தவங்க எழுதினதை ஒண்ணு விடாமப் படிச்சேன் சார்."

"படிச்சா மட்டும் போதுமா? உன்னை இங்க வெச்சுக்க நான் மேடம்கிட்ட எதையாவது காட்டணுமே!"

அவள் ஏதோ சொல்ல வந்தாள். உதடு அசைந்தது. கடைசியில், "கண்ணு இப்ப வலிக்குதா சார்?" என்று மட்டும் கேட்டாள்.

"கண்ணு கிடக்கட்டும். நீ போம்மா" என்றார். கோபமில்லை, வருத்தம். அவளுக்காகப் பேச அவரிடம் ஒரு துரும்பும் இல்லை.

மணி அடித்தது. தலைமையாசிரியையும் அந்த டீச்சரும் சேர்ந்தே உள்ளே வந்தார்கள். அவர் எழுந்து ஓடாத குறையாகப் போய்ப் பெட்டியை டீச்சர் கையில் திணித்தார்.

"டீச்சர், இந்த ஜென்மத்துக்கும் மறக்க மாட்டேன். நீங்க போட்ட ஒவ்வொரு பதிலும்..."

"நானா? என்ன சார் விளையாடுறீங்க?" டீச்சர் விழித்தார். "பாஸ்வேர்டு வாங்க உங்களுக்குப் போன் பண்ணலாம்னு இருந்தேன். அதுக்குள்ள 'ஆசிரியர்' பதில் வர ஆரம்பிச்சுடுச்சு. நீங்க சொல்லச் சொல்ல வீட்டுல டைப் பண்றாங்கன்னு நினைச்சேன். நான்தான் சார் உங்களுக்கு நன்றி சொல்லணும். அதைப் படிச்சு நானே நிறையக் கத்துக்கிட்டேன்."

ஆங்கில ஆசிரியர் மெல்லத் திரும்பிக் கணினியைப் பார்த்தார். பாஸ்வேர்டு என்னவென்று அவர் சொல்லாமலே 'ஆசிரியர்' என்ற பெயரில் திறந்திருந்தது பக்கம்.

"டீச்சர், தப்பா நினைச்சுக்காதீங்க" என்று அந்தப் பெட்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். புதுக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தபடி வாசலுக்கு ஓடினார்.

"என்ன சார், அந்தப் பொண்ணை மாத்திடலாமா?" என்றார் தலைமையாசிரியை, ஒன்றும் புரியாமல்.

"எப்படி மேடம் மாத்துறது? ஒன்றரை மாசமா என் கிளாஸை நடத்தினதே அவதான்!"