ஏழாம் தட்டின் கடைசிப் புழு

முதல் முறை தொட்டதற்குப் புழு அசையவில்லை.

நுண்ணோக்கியில் கண்ணை வைத்தபடியே மூச்சைப் பிடித்துக்கொண்டேன். ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள ஜீவனுக்காக ஒரு பெரிய மனுஷன் இப்படி வேர்த்து விறுவிறுத்துப் போவதை யாராவது பார்த்தால் சிரிப்பார்கள். பக்கத்து மேசையில் என் மனைவி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். சிரிக்காமல் பென்சில் சீவினாள்.

எங்கள் ஆய்வகத்தின் சட்டம் இதுதான். மெல்லிய கம்பி நுனியால் புழுவின் தலையைத் தொட வேண்டும். அசைந்தால் உயிரோடு இருக்கிறது. மூன்று முறை தொட்டும் அசையாவிட்டால் செத்துவிட்டது என்று எழுத வேண்டும். பாவம் பார்த்து நான்காவது முறை தொடக் கூடாது.

இந்தச் சட்டத்தைப் போட்ட மகானுபாவன் நானேதான்.

புழுக்களை வளர்க்கும் தட்டுகள் மொத்தம் பன்னிரண்டு. ஆறில் முதுமையைத் தள்ளிப்போடும் என்று நான் ஆறு வருடமாகச் சொல்லித் திரியும் மருந்து. மற்ற ஆறில் ஒன்றுமில்லை. எதில் எது என்று எண்ணுகிறவனுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் ஆசை குறுக்கே வந்துவிடும். அதனால் மருந்து கலப்பதும், எந்தத் தட்டில் எது என்ற குறிப்புத்தாளை உறையிலிட்டு ஒட்டி வைப்பதும் மனைவியின் பொறுப்பு.

ஏழாம் தட்டில் மருந்துதான் இருக்கிறது என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். இந்தப் புழுக்கள் மூன்று வாரம் வாழ்ந்தாலே பெரிய விஷயம். இது முப்பத்துநாலாம் நாள்.

இரண்டாவது முறை தொட்டேன். அசைவில்லை.

ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்த மருந்தை நானும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அப்பா ஐம்பத்தெட்டு வயதில் போனார். அண்ணனும் அதே ஐம்பத்தெட்டில், செருப்பு மாட்டக் குனிந்தவன் நிமிரவில்லை. அடுத்தது நான். எனக்குப் பயம், அவ்வளவுதான். போன பிறந்தநாளில் ஐம்பத்தெட்டு ஆரம்பித்ததும், ஆய்வகக் குளிர்பெட்டியிலிருந்த ஜாடியிலிருந்து யாருக்கும் தெரியாமல் தினம் ஒரு கரண்டி எடுத்துக் காபியில் கலந்து குடித்தேன். மனிதர்கள் மேல் சோதித்தே பார்க்காத மருந்து. என் மாணவன் எவனாவது இதைச் செய்திருந்தால் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியிருப்பேன்.

காபி கொழகொழவென்று இருந்தது. வீரியமான மருந்து என்றால் அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன்.

பலன் இல்லாமலா? மாடிப்படிகளை இரண்டிரண்டாகத் தாவினேன். வழுக்கையில் புதிதாக முடி முளைப்பதைக் கண்ணாடியில் கண்டேன். வீட்டில் மரியாதைகூடக் கூடியது. அதுவரை சமையலறையிலிருந்தே கத்தி என்னை எழுப்பிக்கொண்டிருந்தவள், பக்கத்தில் வந்து நெற்றியில் ஒற்றை விரலை வைத்து எழுப்ப ஆரம்பித்தாள். இளமை திரும்புகிறவனுக்கு இதெல்லாம் நடக்கும் என்று நினைத்தேன்.

இன்று எனக்கு ஐம்பத்தொன்பது. கண்டம் தாண்டியாகிவிட்டது.

மூன்றாவது முறை தொட்டேன். புழு அசையவில்லை. செத்துவிட்டது என்று எழுதினேன்.

மனைவி உறையைக் கிழித்துத் தாளை என் முன் வைத்தாள்.

ஏழாம் தட்டு: ஒன்றுமில்லை.

மருந்து போட்ட ஆறு தட்டுகளும் மற்றவற்றைப் போலவே, சொல்லப்போனால் ஒரு நாள் முன்னதாகவே, காலியாகியிருந்தன.

ஆறு வருட உழைப்பு பாழ். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் அதற்காக வருந்தவில்லை. நெஞ்சைத்தான் தடவிப் பார்த்துக்கொண்டேன். மருந்து பலிக்காது என்றால், இதுவரை என்னைக் காப்பாற்றியது எது? இடது பக்கம் சுருக்கென்றது. ஏப்பமாகவும் இருக்கலாம்.

அப்போதுதான் தாளின் அடியில் பென்சிலால் எழுதியிருந்த வரியைப் பார்த்தேன்.

பதின்மூன்றாம் தட்டு: இவர். முதல் இரண்டு நாள் மருந்து. அதன்பின் சோள மாவு.

அசல் மருந்து ஒரு வருடமாக அவளுடைய மேசை இழுப்பறைக்குள் பூட்டி இருந்திருக்கிறது. நான் குடித்தது மாவுக் கஞ்சி.

நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்கக் கூசியது.

"ஒரு வருஷம் மாவுலயே ஓட்டிட்டீங்க. இனிமே பயத்தை விட்டுட்டு மனுஷனா இருங்க" என்றாள். "போய்க் கையைக் கழுவிட்டு வாங்க."

எழுந்திருக்காமல் தாளைத் திருப்பினேன்.

பின்பக்கம் முழுக்கக் கட்டம் போட்டிருந்தாள். ஞாயிறு முதல் சனி வரை, போன பிறந்தநாள் முதல் இன்று காலை வரை. ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எண். 1, 1, 1, 2, 1, 1, 2.

என்ன கணக்கு இது என்று கேட்க வாயெடுத்தேன். கை தானாக என் நெற்றிக்குப் போனது.

மூன்றாவது மாதத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தில் மட்டும் 4 என்று இருந்தது. பென்சில் அழுந்தித் தாள் கிழிந்திருந்தது.

அந்த ஞாயிறு எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நான் விழித்துத்தான் இருந்தேன். எழுந்தால் துணி உலர்த்தச் சொல்வாளே என்று, சிரிப்பை அடக்கிக்கொண்டு அசையாமல் கிடந்தேன்.