பூச்சிகளுக்குக் காற்று

கொட்டகையில், தொட்டியருகே கவிழ்த்த வாளியில் ஜெயஸ்ரீ. வாசற்படியில், ஓட்டலுக்கு மீன் கொடுக்கும் பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மா. வெளியே ஆட்டோவில் மஜீது. கடிதப் போக்குவரத்து பார்க்கும் நான் மேசையருகில்.

எர்ணாவூர் முழுக்க மின்சாரம் இல்லை. இன்வெர்ட்டரும் கைவிட்டிருந்தது.

தொட்டிக்குள் இருப்பவை பாக்டீரியாக்கள். சர்க்கரை ஆலையின் கழிவுப்பாகைத் தின்று, நாம் தொப்பை போடுவதுபோல உடம்பில் பிளாஸ்டிக் சேர்ப்பவை. மக்கிப்போகும் பிளாஸ்டிக். காற்று நின்றால் மூச்சுமுட்டிச் செத்துவிடும்.

முந்தைய தொட்டியில் கலக்கும் துடுப்பு இருந்தது. ஒரு மின்தடையில் துடுப்பு நின்றது, எல்லாம் போயிற்று.

இது ஜெயஸ்ரீ தானே வரைந்த தொட்டி. துடுப்பே கிடையாது. அடியில் விடும் காற்றுக் குமிழிகளே நீரை நடுக்குழாயில் தூக்கி ஓரமாக இறக்கும். இதுவும் போனால் கொட்டகையைக் காலி செய்வதென்று முடிவாகியிருந்தது.

கோவிந்தம்மாதான் பேட்டரியில் ஓடும் காற்று மோட்டார்களைத் தன் வீட்டிலிருந்து அள்ளி வந்தார்.

"வலையில மீனைவிட கவருதான் சாஸ்தி வர்து. உன் பூச்சி சாவக் கூடாது. மாட்டும்மே!"

மாட்டினோம். பிராணவாயு காட்டும் முள் அடியிலேயே கிடந்தது.

ஜெயஸ்ரீ தொட்டியில் காதை வைத்துக்கொண்டாள்.

முள் லேசாகத் துடித்தது. பிறகு ஏறியது. ஏறி நின்றது.

"இன்னாமா, பூச்சிக்கு உசுரு வந்துச்சா?" என்றார் மஜீது வெளியிலிருந்து.

ஜெயஸ்ரீ தலையாட்டினாள். சிரித்துக்கொண்டே துப்பட்டாவால் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

வெகுநேரம் கழித்து மின்விசிறி சுழன்றது. எனக்கும் அப்போதுதான் முதுகு நாற்காலியில் சாய்ந்தது.

மோட்டார்களைக் கழற்றி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போன கோவிந்தம்மா, கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார்.

"நைனா, ஓட்டலுக்கு ஒரு லெட்டர் எயுதிக் குடு. இன்னிக்கு சிங்கி எறா உயிரோட வராதுன்னு. வூட்டுத் தொட்டியில காத்து நின்னு அல்லாம் செத்துப் பூட்சி."

ஜெயஸ்ரீ வாளியிலிருந்து எழுந்தாள்.

"அக்கா, அந்த மோட்டாரெல்லாம்..." என்றாள் ஜெயஸ்ரீ.

"ஏன் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கினு கீற? உனக்கும் சேர்த்துதான் கொயம்பு வெக்கிறேன்."

காரணம் என்ன எழுத என்று கேட்டேன்.

"கரண்ட்டு இல்லேன்னு எயுது. பொய்யா அது?"

அப்படியே எழுதி, உறையை ஒட்டி, மஜீதிடம் கொடுத்தனுப்பினேன்.