தொண்ணூற்றொரு சதவீதம்

“தொடாதீங்க! யாரும் எதையும் தொடாதீங்க! அமெரிக்காவுலருந்து வந்துக்கிட்டிருக்கு!”

கிரில் கேட்டில் கை வைத்த பெரியவர், சுட்டதுபோல் கையை எடுத்துக்கொண்டார். காவி வேட்டி, தோளில் துண்டு, செருப்பில்லாத கால். பௌர்ணமிக்குக் கிரிவலம் வந்தவர். பாதி மலையைச் சுற்றி அடி அண்ணாமலைக்கு வரும்போது வெயில் அவரைப் பிழிந்திருந்தது.

“குடிக்கத் தண்ணி கேக்கலாம்னு வந்தேங்க. யாருங்க வர்றாங்க அமெரிக்காவுலருந்து?”

“யாரும் வரல. விண்டோஸ் வருது” என்றார் சக்கரவர்த்தி.

சர்வே ஆபீசிலிருந்து ஓய்வு பெற்ற சக்கரவர்த்திக்கு, பேச்சைக் கேட்க ஓர் ஆள் கிடைப்பது போனஸ் கிடைப்பதுபோல. பெரியவரைக் கையோடு இழுத்து வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார்.

“பாத்துக்கோங்க. தொண்ணூறு சதவீதம்! நேத்து சாயங்காலம் கெளம்பினது. என் பொண்ணு மதிவதனிக்கு இன்னிக்கு நாலு மணிக்கு இன்டர்வியூ. பெங்களூர் கம்பெனி. கம்ப்யூட்டர்லயே மூஞ்சியப் பார்த்துக் கேள்வி கேப்பானாம். எங்ககிட்ட இருக்கிற பழைய விண்டோஸ்ல அந்த ப்ரோக்ராம் ஓடாதாம். ரெண்டு மணிக்குள்ள புதுசு இறங்கினாத்தான் போட்டு முடிக்க முடியும்.”

“கடையில சி.டி. விப்பாங்களேங்க?”

“டவுன்ல இல்ல. சென்னைக்குப் போலாம்னா, கூட்டத்துக்காக ரோட்டை அடைச்சுட்டாங்க. சி.டி. எதுக்குப்பா, டவுன்லோடு பண்ணிக்கலாம்னு இவதான் சொன்னா.”

“அப்பா, மொதல்ல அவருக்குத் தண்ணியக் குடுங்க” என்று மதிவதனியே சொம்போடு வந்தாள். கண் மட்டும் திரையை விட்டு நகரவில்லை. ஒன்றரை வருடமாக வேலை தேடி, முதல் முறையாக ஒரு கம்பெனி கூப்பிட்டிருக்கிறது.

பெரியவர் ஒரே மூச்சில் குடித்தார். “சி.டி. இல்லாம எது வழியா வருதுங்க?”

“அதோ, ஜன்னல் ஓட்டையில நுழையுதே, அந்த போன் வயர் வழியா.”

பெரியவர் வாய் பிளந்தார். “போன் வயர்லயா? அதுல பேச்சுதானேங்க போவும்? புள்ள பொறந்துடுச்சு, மாமா செத்துட்டாரு, பணம் வந்துச்சா… இவ்ளோதானே?”

இந்த ஒரு கேள்விக்காகத்தான் சக்கரவர்த்தி நேற்றிலிருந்து காத்திருந்தார். 

“அதெல்லாம் அந்தக் காலம்! இப்ப அங்க ஒருத்தன் பட்டனை அமுக்குறான். அது கடலுக்கு அடியில திமிங்கலத்தோட வயித்துக்குக் கீழே பூந்து, பம்பாய்ல தலையத் தூக்கி, வேலூர்ல மூச்சு வாங்கி, செங்கம் ரோட்டுல திரும்பி, இதோ என் வீட்டு ஓட்டைல நுழையுது. பேப்பர்ல அடிச்சு அடுக்கினா ராஜகோபுரம் ஒசரம் வரும். ரெண்டு ராஜகோபுரம்!”

மூன்றாவதையும் கட்டியிருப்பார். மகள் பார்த்த பார்வையில் இரண்டோடு நிறுத்திக்கொண்டார்.

பெரியவர் எழுந்து வயரின் அருகே போனார். தொடப் போனவர், தொடாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“இந்த வயர் சாதாரணப்பட்டதுன்னு நெனைக்காதீங்க” என்றார் சக்கரவர்த்தி. “பாமர ஜனங்களுக்கு இதோட அருமை தெரியாது. உள்ள தங்கம்கூடக் கலந்திருப்பான்.”

“செம்பா இருக்கும்ங்க” என்றார் பெரியவர் தயங்கி.

“செம்பா! ஐயோ, செம்புல விண்டோஸ் வருமா?” சக்கரவர்த்தி தொடையில் அடித்துச் சிரித்தார்.

சிரிப்பு அடங்குவதற்குள் மோடத்தில் மினுக்கிக்கொண்டிருந்த பச்சை விளக்கு அணைந்தது. திரையில் கோடு தொண்ணூற்றொன்றில் நின்றது.

மதிவதனி போனை எடுத்துக் காதில் வைத்தாள். “சத்தமே இல்லப்பா. லைனே செத்துடுச்சு.”

“கம்ப்ளெய்ன்ட் குடுக்கலாமா?”

“இந்தக் கூட்டத்துல யாருப்பா வருவாங்க? நாளைக்குத்தான்.” அவள் குரல் உடைந்தது.

பெரியவர் திரையைப் பார்த்தார், வயரைப் பார்த்தார், ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். “வர்றேங்க” என்று கிளம்பிவிட்டார்.

“பாத்தியாம்மா ஜனங்கள! தண்ணியக் குடிச்சாரு, வேடிக்கை நின்னதும் நடையைக் கட்டிட்டாரு. ஒரு ஆறுதல் வார்த்தை கெடையாது!”

சக்கரவர்த்தி மோடத்தைத் தட்டினார், ஊதினார், கவிழ்த்தார். அண்ணாமலையாருக்கு, மலை முழுக்க உருண்டே சுற்றி வருவதாக வேண்டிக்கொண்டார். பதினாலு கிலோமீட்டர் என்பது ஞாபகம் வந்ததும் அதை நடையாக மாற்றிக்கொண்டார். மறுபடி தட்டினார்.

இருபது நிமிடம் போயிருக்கும். பச்சை விளக்கு கண் விழித்தது.

“வந்துடுச்சுப்பா! விட்ட எடத்துலருந்தே வருது. தொண்ணூத்திரெண்டு!”

“நான் தட்டுன தட்டு அப்படி!” என்று சக்கரவர்த்தி மீசையைத் தடவிக்கொண்டபோது வாசலில் அதே பெரியவர். வேட்டியெல்லாம் புழுதி, கையெல்லாம் துருக்கறை.

“கை கழுவக் கொஞ்சம் தண்ணி குடுங்க. மிச்சத்தையும் பாத்துட்டுப் போறேனே.”

‘இலவசக் காட்சி’ என்று முணுமுணுத்தாலும் சக்கரவர்த்தி நாற்காலியை இழுத்துப் போட்டார். மூவரும் மூச்சுவிடாமல் பார்த்திருக்க, இரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கோடு நூறைத் தொட்டது. மதிவதனி துள்ளிக் குதித்து வேலையில் இறங்கினாள். பெரியவர் எழுந்து நின்று, சந்நிதியில் நிற்பவர்போலத் திரையைக் கும்பிட்டார். கண்ணில் நீர்.

“என்ன பெரியவரே, மெரண்டுட்டீங்களா?” என்றார் சக்கரவர்த்தி.

“ஆமாங்க. அன்னதானப் பந்தல்காரன் கயிறு கட்டறப்ப கம்பத்துல உங்க வயரைப் பிச்சுட்டான், அவன் ஏணியிலயே ஏறி முறுக்கி உட்டுட்டு வந்தேன். முப்பத்தாறு வருஷம் டெலிபோன் ஆபீஸ்ல லைன்மேனா இருந்து இந்தப் பக்கம் பூரா இந்த வயரை இழுத்தவன் நான்தாங்க. இதுக்குள்ள இவ்ளோ பெரிய சங்கதி வரும்னு இன்னிக்குத்தான் பார்த்தேன்.”