பினியன் மூக்கு

"இன்னா சார், மறுபடியும் ஆடுதா?"

பழைய அம்பாசிடர் ஷெட்டுக்குள் நுழையும்போதே மோசஸ் கேட்டுவிட்டார். செங்கல்பட்டில் இருபது வருஷ மெக்கானிக். அவர் கைபட்ட வண்டி அதே கோளாறோடு மூன்றாம் தடவை வந்ததாகச் சரித்திரமே இல்லை.

"அம்பதைத் தாண்டினா சீட்டெல்லாம் நடுங்குது மோசஸ்," என்றார் ஹரிகிருஷ்ணன். 'இன்னைக்கு நானும் வரேன்' என்று ஒட்டிக்கொண்டு வந்த அவர் மனைவி சங்கரி, காய்கறிப் பையோடு ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

மோசஸ் தானே வண்டியை எடுத்துக்கொண்டு பைபாஸ் வரை போய்த் திரும்பினார்.

"எழுபதுல போனேன் சார். டம்ளர்ல தண்ணி வெச்சாலும் தளும்பாது. என்னை வெச்சு காமெடி பண்றீங்களா?"

"நான் எதுக்குப்பா பொய் சொல்றேன்?"

"இங்க பாருங்க. முன்னாலருந்து சுத்திகினு வர ஷாஃப்ட்டு, பின்னாடி பினியன்னு ஒரு பல்லுச் சக்கரத்துல மாட்டிகினு கீது. அந்த பினியன் மூக்கு இவ்ளோ சாய்வுல நிக்கணும்னு ஒரு அளவு. ஆளு ஏறினா ஸ்பிரிங் பட்டை அமுங்கும், மூக்கு திரும்பிடும், வண்டி ஆடும். அதுக்குத்தான் மொதல் நாளே கேட்டேன், எத்தினி பேரு போவீங்கன்னு. இன்னா சொன்னீங்க?"

"நான் ஒருத்தன்தான். ஆபீஸ், விட்டா வீடு."

"அந்த அளவுக்குத்தான் பட்டைக்கு அடியில ஆப்பு வெச்சு மூக்க நிமித்தினேன். பின்னாடி யாருனா குந்துறாங்களா?"

"யாரும் இல்லையே." ஹரிகிருஷ்ணன் கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "காலையில வண்டி கட்டாயம் வேணும் மோசஸ். எப்படியாவது சரி பண்ணிடு."

"சரியா இருக்கறத எப்டி சார் சரி பண்றது? ஒத்த ஆளு போயி இந்த வண்டி ஆடிச்சுன்னா, வாசல்ல தொங்குற போர்டைக் கழட்டி அடுப்புல போட்டுடறேன்!"

சங்கரி எழுந்து வந்தாள்.

"போர்டைக் கழட்டாதீங்கண்ணா. உங்க கையில தப்பில்லை. பின்னாடி நாலு பேரு, முன்னாடி ரெண்டு பேரு. அந்த பாரத்துக்கு வெச்சுக் குடுங்க."

"சங்கரி! யாரு அது ஆறு பேரு?"

"எனக்கென்ன தெரியும்? தினம் மாறுவாங்க. உங்க கம்பெனியைப் பூட்டி நாலு மாசம் ஆச்சுங்க. ஸ்டேஷன் வாசல்ல நின்னுகிட்டு 'மாபலிபுரம், மாபலிபுரம்'னு நீங்க ஆளு ஏத்தக் கூவுறது, எதிர்ல காய் வாங்குற எனக்குக் கேக்காதா?"