உதயம் ஆறு இருபத்துநாலு

“ராகுகாலம் பாக்குற நேரமாங்க இது?” என்றார் கணவர். பின் இருக்கையில் மனைவி கதவுப் பிடியை இறுகப் பற்றியிருந்தாள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை பிரசவ வலி வந்து போனது.

டாக்சிக்காரர் சாவியைத் திருகவில்லை. “திங்கக்கிழமை ஏழரை ஒம்பது சார். இப்ப மணி ஏழு நாப்பது. போன வருஷம் இதே நேரத்துல வண்டியெடுத்துத்தான் என் தம்பியைப் பறிகொடுத்தேன். வேற வண்டி பாத்துக்குங்க.”

வேறு வண்டிக்கு மூன்று இடத்தில் கேட்டாயிற்று. ஆம்புலன்ஸ் வர ஒரு மணி நேரமாகும் என்றார்கள்.

கணவர் கடிகாரத்தைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். நெற்றி வியர்த்துக் கொட்டியது.

“ஏழரை ஒம்பதுங்கறது ஆறு மணிக்குச் சூரியன் உதிக்கிற நாளுக்கு. இன்னைக்கு உதயம் ஆறு இருபத்துநாலு. பகலை எட்டாப் பங்கு போட்டா, திங்கக்கிழமைக்கு ரெண்டாவது பங்குதான் ராகுகாலம். அது ஏழு அம்பத்தொண்ணுக்குத்தான் ஆரம்பிக்குது. இன்னும் பதினோரு நிமிஷம் இருக்கு.”

வலிக்கு நடுவிலும் மனைவி நிமிர்ந்து அவரையே பார்த்தாள்.

“நெசமாவா சார்?”

“கிளம்புற நேரம்தானே கணக்கு? எடுங்க.”

வண்டி உருண்டதும் கணவர் கண்களை மூடிக்கொண்டார். வழி நெடுக, எதிரே லாரி வந்தபோதெல்லாம் முன் இருக்கையைப் பிடித்துக்கொண்டார்.

“பயப்படாதீங்க சார், நல்ல நேரத்துலதான் கிளம்பியிருக்கோம்” என்று டாக்சிக்காரரே தேற்றும்படி ஆயிற்று.

ஆஸ்பத்திரியில் அவளை நேரே ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். நெடுநேரம் கழித்து டாக்டரம்மா வெளியே வந்தார்.

“பொண்ணு. கழுத்துல கொடி சுத்தியிருந்துச்சு. ஒம்பது மணிக்கு மேல வந்திருந்தா எங்களால ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது.”

போகாமல் காத்திருந்த டாக்சிக்காரர் கணவரின் இரு கைகளையும் பிடித்துக்கொண்டார். “உங்க கணக்கு காப்பாத்திடுச்சு சார்.”

கணவர் கைகளை விடுவித்துக்கொண்டு உள்ளே போய்க் கட்டிலோரம் நின்றார். குழந்தையின் கழுத்தை விரலால் மெல்லத் தொட்டுப் பார்த்தார்.

மனைவி சோர்வோடு சிரித்தாள்.

“ஏங்க, நீங்க கணிச்ச பஞ்சாங்கத்துல இன்னைக்கு உதயம் ஆறு ரெண்டுதானே?”