வாசல் அகலம்

என் சக்கர நாற்காலி கழிவறை வாசலில் முட்டி நின்றது.

“அப்பவே சொன்னேனே மச்சான், வீட்டுல போய்ப் பார்த்துக்கலாம்னு” என்றான் பின்னால் தள்ளிக்கொண்டு வந்த நண்பன். கண்ணிவெடியில் என் கால்கள் போன அன்று என்னை முதுகில் சுமந்துகொண்டு ஓடியவன்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முன்னாள் ராணுவத்தினருக்கென்றே அரசுப் பணத்தில் கட்டிய மருத்துவமனை. அங்கே நின்ற என்ஜினியரைப் பிடித்துக்கொண்டேன்.

“இதை வரைஞ்சவன் யாருய்யா?”

“வரைஞ்சது, கட்டுனது ரெண்டும் எங்க கம்பெனிதான் சார். ஒரே கான்ட்ராக்ட்.”

“அப்ப தப்புன்னு சொல்ல ஒரு ஆள் இல்லையா?”

“இருந்தாரே. உங்க சங்கத்து சார்பா வந்தவர், இந்த அகலம் தாராளமாப் போதும்னு சொன்ன பிறகுதான் கட்டினோம்.”

“எங்க ஆளா? எவன் அந்தத் துரோகி?”

என்ஜினியரின் பார்வை என் தலைக்கு மேலே போய் நின்றது.

பின்னால் நின்ற நண்பன் அவசரமாக நாற்காலியைத் திருப்பினான்.

“பையனுக்கு வேலை கிடைச்சிருச்சு மச்சான்” என்று போன மாதம் இவன் என் வாயில் மிட்டாய் ஊட்டியது நினைவுக்கு வந்தது. எந்தக் கம்பெனி என்று நான் கேட்கவில்லை.

“கையை எடு. நானே போய்க்கிறேன்.”

சக்கரத்தை நானே உருட்டி வெளிவாசலுக்கு வந்தேன். இறங்குவதற்குப் போட்டிருந்த சரிவுப் பாதை, ஏணியைச் சாய்த்து வைத்ததுபோல் செங்குத்தாக இருந்தது. பின்னாலிருந்து யாராவது பிடித்தால்தான் உருளாமல் இறங்க முடியும். சுற்றுமுற்றும் பார்த்தேன். வேறு ஆளில்லை.

“பிடிச்சுக்கட்டுமா மச்சான்?”

“பிடிச்சுத் தொலை” என்றேன்.